ஐ.ஐ.டி. வகுப்பறை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பிள்ளைங்க படிப்புக்காக வாங்கினோம்." ஆனால் கம்ப்யூட்டரில் எப்படிப் படிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. கடைக்காரர் விண்டோஸ் போட்டுத் தருகிறார். இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பவர் பாஸ்வேர்டு எழுதித் தருகிறார். அதோடு சரி.

சமீபத்தில் என் சித்தப்பா போன் செய்தார். "தம்பி, பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. காலேஜ் பாடம் எல்லாம் இதுலயே வருதாமே? ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போ சாமி" என்றார். அவர் மகள் முதல் வருட இன்ஜினியரிங் மாணவி. போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது. பாடங்களையும் அவள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"எட்டு வீடியோ முடிச்சிட்டேன் அண்ணா. எல்லாம் நல்லாப் புரியுது" என்றாள்.

ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "எட்டாவது வீடியோவில் வந்த புரோகிராமை எழுதிக் காட்டு" என்றேன். நான்கு வரி எழுதினாள். பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து விட்டாள்.

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பத்து வருடங்களுக்கு முன் நானும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரில் பாடம் பார்ப்பது வேறு, கம்ப்யூட்டரில் பாடம் படிப்பது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள நான் ஒரு அரியர் வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் வாங்க வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

என்பிடெல் என்றால் என்ன?

நம் நாட்டில் இன்ஜினியரிங் கல்லூரிகள் பெருகிய வேகத்தில் நல்ல ஆசிரியர்கள் பெருகவில்லை. ஒரு பாடத்தை ஆழமாகத் தெரிந்தவர் பெரிய கல்வி நிறுவனம் ஒன்றில் இருப்பார். அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டிய ஆயிரக்கணக்கான மாணவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். இந்த இடைவெளியைக் கம்ப்யூட்டர் மூலம் குறைக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திட்டம்தான் என்பிடெல்.

சென்னை, மும்பை, டெல்லி, கான்பூர், காரக்பூர், கவுகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இதனை ஆரம்பித்தன. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் நிதி கொடுத்தது. அந்த அமைச்சகத்துக்கு 2020 முதல் கல்வி அமைச்சகம் என்று பெயர்.

முதலில் இவர்கள் செய்தது எளிமையான வேலைதான். ஐ.ஐ.டி. பேராசிரியர் பாடம் நடத்துவதை வீடியோவாக எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்த பெரிய மாற்றம் 2014 மார்ச்சில் வந்தது. வீடியோ மட்டும் போதாது, வாராவாரம் வீட்டுப்பாடமும் கடைசியில் தேர்வும் சான்றிதழும் வேண்டும் என்று ஆன்லைன் கோர்ஸ்களை ஆரம்பித்தார்கள். 2017 ஜூலை 9-ஆம் தேதி மத்திய அரசு ஸ்வயம் என்ற பொதுவான தளத்தைத் தொடங்கியது. இன்று என்பிடெல் கோர்ஸ்களில் சேருவது இந்த ஸ்வயம் வழியாகத்தான்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. சீனாவில் சிங்குவா பல்கலைக்கழகம் 2013-ல் சூட்டாங்எக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கியது. தென்கொரிய அரசு 2015-ல் கே-மூக் என்ற பெயரில் தன் பல்கலைக்கழகப் பாடங்களை இணையத்தில் கொண்டு வந்தது. நிறைய மாணவர்கள், கொஞ்சம் நல்ல ஆசிரியர்கள் என்பது ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான பிரச்சினை.

நான் செய்த தவறு

என் கதைக்கு வருகிறேன். ப்ளஸ் டூ வரை நான் தமிழ் மீடியம். அப்பா விசைத்தறி ஓட்டுபவர். 2014-ல் கல்விக் கடன் வாங்கி ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். அதுவரை கம்ப்யூட்டர் என்றால் பள்ளியில் கொடுத்த அரசு இலவச லேப்டாப்தான். அதில் சினிமாதான் பார்த்திருந்தேன்.

இரண்டாவது செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம். நடுவில் ஆசிரியர் வேலையை விட்டுப் போய் விட்டார். அடுத்து வந்தவர் நோட்ஸ் ஜெராக்ஸ் கொடுத்தார். புரியவில்லை. அப்போது ஹாஸ்டல் சீனியர் ஒருவர் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் கொடுத்தார். "இதுல ஐ.ஐ.டி. டெல்லி நவீன் கார்க் நடத்துற டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இருக்கு. இதைப் பாரு, போதும்டா" என்றார்.

அசந்து போனேன். என்ன தெளிவு! எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே புரிந்தது. இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு மணி வரை வரிசையாகப் பார்ப்பேன். முப்பதுக்கும் மேற்பட்ட வீடியோக்களை பத்து நாளில் முடித்தேன். பேராசிரியர் பலகையில் பெட்டி பெட்டியாகப் படம் போட்டு அம்புக்குறி இழுக்கும்போது, "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும்.

பரீட்சையில் லிங்க்டு லிஸ்ட் கேள்வி வந்தது. லிங்க்டு லிஸ்ட் என்பது வரிசையில் நிற்கும் ஆட்களைப் போன்றது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்து நிற்பவரின் முகவரி மட்டும்தான் தெரியும். நடுவில் புதிதாக ஒருவரை நுழைக்க வேண்டும் என்றால், முதலில் புது ஆளிடம் அடுத்தவர் முகவரியைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பழைய இணைப்பை மாற்ற வேண்டும். நான் முதலிலேயே பழைய இணைப்பை மாற்றி எழுதி விட்டேன். அதன் பிறகு வரிசையில் மீதி உள்ளவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது! அடுத்த கேள்வியும் இப்படித்தான். பார்த்தது ஞாபகம் இருந்தது. செய்யத் தெரியவில்லை.

ரிசல்ட் வந்தபோது அந்தப் பாடத்தில் ஃபெயில். அப்பாவிடம் போனில் சொன்னேன். "ராத்திரி எல்லாம் படிச்சேன்னியே தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால் நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே படித்ததாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இப்படி நடக்கிறது?

நல்ல ஆசிரியர் நடத்தும்போது பாடம் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுலபம் அவருடைய திறமை. அதை நம்முடைய திறமை என்று நம் மூளை தப்பாகக் கணக்குப் போட்டு விடுகிறது. சமையல் வீடியோ பார்த்தவுடன் நமக்கும் பரோட்டா வீசத் தெரியும் என்று தோன்றுவதைப் போல.

இதைப் பற்றி ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்த பின் புத்தகத்தை மூடி, ஞாபகத்தில் இருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது.

இன்னொரு தகவல். எட்எக்ஸ் என்ற அமெரிக்க ஆன்லைன் கல்வித் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்ப்பது சுமார் ஆறு நிமிடம்தான் என்று அதில் தெரிய வந்தது. ஒரு மணி நேர வீடியோவை ஒரே மூச்சில் பார்த்த நான் எவ்வளவு நேரம் உண்மையாகக் கவனித்திருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காப்பாற்றிய ஸ்போக்கன் டுடோரியல்

மூன்றாவது செமஸ்டரில் எங்கள் கல்லூரி லேபில் ஒரு பயிற்சி நடந்தது. ஐ.ஐ.டி. மும்பையில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் பற்றியது. என்பிடெல்லில் பேராசிரியர் வகுப்பு எடுப்பார். இங்கே பேராசிரியர் முகமே தெரியாது. திரையில் ஒரு கம்ப்யூட்டர் திரை மட்டும் தெரியும். பின்னணியில் ஒரு குரல், "இப்போது ஃபைல் மெனுவைக் கிளிக் செய்க" என்று சொல்லும். மவுஸ் நகரும். அவ்வளவுதான். ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம்.

இதில் மூன்று விஷயங்கள் எனக்குப் பிடித்தன.

முதலாவது, குரல் தமிழில் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் இந்தப் பாடங்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். ஆனால் திரையில் உள்ள எழுத்துக்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். நாளை வேலைக்குப் போகும்போது ஆங்கில மெனுவில்தானே வேலை செய்யப் போகிறோம்? அதனால் அதை மாற்றாமல் விளக்கத்தை மட்டும் தாய்மொழியில் தருகிறார்கள். தமிழ் மீடியத்தில் இருந்து வந்த எனக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு பாடத்தையும் வெளியிடும் முன் அந்த விஷயம் தெரியாத ஒரு புதியவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அவரால் கேட்டுச் செய்ய முடிகிறதா என்று சோதிக்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பாடங்களைச் சும்மா பார்க்கவே கூடாது. திரையின் ஒரு பாதியில் பாடமும் மறு பாதியில் உங்கள் சாஃப்ட்வேரும் இருக்க வேண்டும். பாடத்தில் ஒரு வேலை செய்தவுடன் நிறுத்தி, அதையே நீங்களும் செய்ய வேண்டும். சரியாக வந்தால்தான் அடுத்தது. இதனைப் பக்கத்தில் பக்கம் வைத்துக் கற்கும் முறை என்று சொல்கிறார்கள்.

அன்று லேபில் சி பாடத்தின் முதல் பத்து நிமிட வீடியோவை முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒரு செமிகோலன் விட்டுப் போனதற்குப் பதினைந்து நிமிடம் தேடினேன். ஆனால் அதன் பிறகு இன்று வரை அந்த இடத்தில் செமிகோலனை நான் மறந்ததில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் இந்த முறையை எப்படி அமைத்துக்கொள்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. பிரௌசரைத் திறந்து கூகுள் தேடலில் ஸ்போக்கன் டுடோரியல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஐ.ஐ.டி. மும்பையின் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

2. அதில் சாஃப்ட்வேரையும் மொழியையும் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். சி, ஜாவா, பைத்தான், லிப்ரே ஆபீஸ், லினக்ஸ் எனப் பட்டியல் நீளும். உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, மொழியில் தமிழைத் தேர்வு செய்யுங்கள். இன்ஜினியரிங் மாணவர் என்றால் சி-யில் ஆரம்பிக்கலாம். மற்றவர்கள் லிப்ரே ஆபீஸில் ஆரம்பிக்கலாம்.

3. நீங்கள் கற்கப் போகும் சாஃப்ட்வேர் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். இங்கே உள்ளவை பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர்கள். விண்டோஸில் சி படிக்க, கோட் பிளாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்யுங்கள். பல ஃபைல்கள் காட்டப்படும். பெயரில் மின்ஜிடபிள்யூ என்று சேர்ந்து வரும் ஃபைலை எடுங்கள். அதில்தான் கம்பைலரும் சேர்ந்து வரும். மற்றதை எடுத்தால் எழுதலாம், இயக்க முடியாது.

4. பிரௌசர் விண்டோவைக் கிளிக் செய்து, கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்தியபடி இடது அம்புக்குறி கீயை அழுத்துங்கள். பிரௌசர் திரையின் இடது பாதிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அதேபோல் கோட் பிளாக்ஸைக் கிளிக் செய்து விண்டோஸ் கீயுடன் வலது அம்புக்குறியை அழுத்துங்கள். இப்போது இடப்பக்கம் ஆசிரியர், வலப்பக்கம் நீங்கள்.

5. வீடியோவை ஓட விடுங்கள். ஒரு செயல் முடிந்தவுடன் நிறுத்துங்கள். அதனைச் செய்யுங்கள். சி பாடங்கள் லினக்ஸில் செய்து காட்டப்பட்டிருக்கும். புரோகிராமில் வித்தியாசம் இல்லை, இயக்கும் முறைதான் வேறு. கோட் பிளாக்ஸில் எஃப்9 கீயை அழுத்தினால் கம்பைல் ஆகி ஓடும்.

6. பாடம் முடிந்ததும் வீடியோவை மூடி விடுங்கள். அதே புரோகிராமை எதையும் பார்க்காமல் மீண்டும் எழுதுங்கள். சிக்கும் இடம் எதுவோ, அதுதான் உங்களுக்குப் புரியாத இடம்.

7. கடைசியாக, கொடுத்த புரோகிராமில் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராம் என்றால் மூன்றைக் கூட்டுங்கள். கூட்டினால் போதாது, சராசரி கண்டுபிடியுங்கள். ஆசிரியர் சொல்லாத ஒன்றைச் செய்யும்போதுதான் படிப்பு உங்களுடையதாகிறது.

ஏழு படிகளும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு வீடியோவுக்கு மேல் போக முடியாது. போகவும் வேண்டாம்.

இனி என்பிடெல் பக்கம் போகலாம்

கருவியைக் கையாளப் பழக ஸ்போக்கன் டுடோரியல். பாடத்தை ஆழமாகப் படிக்க என்பிடெல். நான் 2016 ஜனவரி செமஸ்டரில் முறையாக ஒரு என்பிடெல் கோர்ஸில் சேர்ந்தேன். வீடியோவைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கேட்டதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். வாராவாரம் அசைன்மென்ட் போட்டேன்.

சேருவது எளிது. ஸ்வயம் தளத்தில் என்பிடெல் கோர்ஸ்களின் பட்டியலைத் திறந்து, வேண்டிய கோர்ஸில் சேருவதற்கான பட்டனை அழுத்தி, உங்கள் கூகுள் அக்கவுன்ட் மூலம் நுழையலாம். ஜனவரியிலும் ஜூலையிலும் செமஸ்டர்கள் ஆரம்பிக்கும். 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என மூன்று வகைக் கோர்ஸ்கள் உண்டு. புதியவர்கள் 12 வாரக் கோர்ஸில் குதிக்க வேண்டாம். புரோகிராமிங் கற்க விரும்புபவர்களுக்கு, சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் மற்றும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கோர்ஸை நான் சிபாரிசு செய்வேன். இது 8 வாரம்.

வீடியோ, அசைன்மென்ட் எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கட்டணம் சுமார் ஆயிரம் ரூபாய்.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

இதைத் தெரியாமல் பலர் ஏமாந்து போகிறார்கள். மொத்தம் 100-ல் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. எல்லா அசைன்மென்ட்டும் கணக்கில் வராது. 12 வாரக் கோர்ஸில் சிறந்த 8, 8 வாரக் கோர்ஸில் சிறந்த 6, 4 வாரக் கோர்ஸில் சிறந்த 3 மட்டும் எடுப்பார்கள். சான்றிதழ் கிடைக்க அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

ஒரு உதாரணம். ஒருவர் அசைன்மென்ட்டில் சராசரியாக 80 சதவீதம். அதற்கு 25-க்கு 20. தேர்வில் 60 சதவீதம். அதற்கு 75-க்கு 45. மொத்தம் 65. 60 முதல் 74 வரை எலைட் சான்றிதழ் என்பதால் இவருக்கு எலைட் கிடைக்கும். 75-க்கு மேல் வெள்ளி, 90-க்கு மேல் தங்கம்.

இன்னொருவர் நண்பர்களிடம் விடைகளை வாங்கி அசைன்மென்ட் எல்லாவற்றிலும் 100 சதவீதம். 25-க்கு 25. தேர்வில் 35 சதவீதம். 75-க்கு 26.25. மொத்தம் 51.25 வந்தாலும் சான்றிதழ் கிடையாது. தேர்வில் 30-ஐத் தாண்டவில்லையே! பார்த்து எழுதியவரைத் தேர்வு காட்டிக் கொடுத்து விடும்.

பல கல்லூரிகளில் இந்த மார்க்கைப் படிப்பின் கிரெடிட்டாகவும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்வயம் மூலம் 20 சதவீதம் வரை கிரெடிட் எடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2016-ல் விதி கொண்டு வந்தது. 2021-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. உங்கள் கல்லூரியில் எந்தக் கோர்ஸை ஏற்பார்கள் என்று சேருவதற்கு முன்பே கேட்டு விடுங்கள்.

வகுப்பைத் தலைகீழாக்கிய மேடம்

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் மட்டும் என்னைத் தேற்றி விடவில்லை. மூன்றாவது செமஸ்டரில் எங்களுக்கு வந்த மேடம் ஒருவர் வகுப்பில் பாடமே நடத்த மாட்டார். "இன்னைக்கு ராத்திரி இந்த இருபது நிமிஷ வீடியோவைப் பார்த்துட்டு வாங்க. நாளைக்குக் கணக்கு போடலாம்" என்பார். மறுநாள் வகுப்பில் கேள்வி கொடுத்து, நான்கு நான்கு பேராக உட்கார வைப்பார். அவர் பெஞ்ச் பெஞ்சாக நடந்து வந்து, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பார்.

பாடம் கேட்பது வீட்டில், வீட்டுப்பாடம் செய்வது வகுப்பில். இதற்கு ஆங்கிலத்தில் ஃபிலிப்டு கிளாஸ்ரூம் என்று பெயர். தலைகீழ் வகுப்பறை என்று சொல்லலாம். இதில் உள்ள நியாயம் எளிது. பாடம் கேட்பதற்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, வீடியோ போதும். தப்பு செய்யும்போதுதான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

என் லிங்க்டு லிஸ்ட் தவறை நிமிடத்தில் கண்டுபிடித்தவர் அவர்தான். நான்கு மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் கையிலும் அடுத்தவர் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்தார். "இப்ப நீ நடுவுல ஒருத்தரைச் சேரு" என்றார். முதல் சீட்டை நான் கிழித்தவுடன் வகுப்பே சிரித்தது. பின்னால் நின்றவர்கள் அநாதையாகி விட்டார்கள்! 2015 நவம்பரில் அரியரை எழுதினேன். அதே மாதிரிக் கேள்வி வந்தது. பாஸ். பிறகு அந்த என்பிடெல் தேர்வில் எலைட். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனி, அரியர் நிலுவையில் இருப்பவர்கள் உட்காரவே கூடாது என்று சொன்னது. என்னால் உட்கார முடிந்தது.

கேள்வி - பதில்

*ஆங்கிலம் வேகமாக இருக்கிறது. என்ன செய்வது?*
யூடியூபில் பார்த்தால் செட்டிங்ஸில் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். கேப்ஷன் பட்டனை அழுத்தினால் பேசுவது எழுத்தாகத் தெரியும். பல என்பிடெல் கோர்ஸ்களுக்குப் பேச்சின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது.

*இன்டர்நெட் வேகம் குறைவு. முடியுமா?*
வீடியோ தரத்தை 360 அல்லது 240 ஆகக் குறையுங்கள். என்பிடெல் தளத்தில் இருந்து வீடியோக்களை டவுன்லோட் செய்து வைத்தும் பார்க்கலாம். கல்லூரியில் என்பிடெல் லோக்கல் சாப்டர் இருந்தால் அதன் பொறுப்பாளரை அணுகுங்கள்.

*நான் கல்லூரி மாணவன் அல்ல. சேரலாமா?*
தாராளமாக. வயதோ படிப்போ தடையில்லை. நீங்கள் கடை வைத்திருப்பவராகவும் இருக்கலாம், ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம்.

*என்பிடெல் வகுப்பில் சேர்த்து விடுகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?*
வேண்டாம். சேர்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தேர்வுக் கட்டணத்தையும் தளத்தில் நீங்களே நேரடியாகச் செலுத்தலாம்.

*சேர்ந்தேன், மூன்றாவது வாரத்தில் விட்டு விட்டேன். என்ன செய்ய?*
உலகம் முழுக்க ஆன்லைன் கோர்ஸ்களில் சேருபவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. அடுத்த முறை ஒரு நண்பரோடு சேருங்கள். தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். அசைன்மென்ட்டின் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துச் சுவரில் மாட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை எத்தனை வீடியோ பார்த்தான் என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு எங்கே தப்பு வந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் படிப்பு நடக்கிறது என்று அர்த்தம். இதைக் கேட்க உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சித்தப்பா மகளுக்குத் திரையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்து விட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து இரவு பத்து மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, 3-க்கும் 4-க்கும் சராசரி 3-ன்னு காட்டுது. மூணரை தானே வரணும்? புதுக் கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா?"

கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி விடும். 2-க்குப் பதிலாக 2.0 என்று வகுத்து, விடையைத் தசம எண்ணாகப் பிரின்ட் செய்தால் 3.5 வரும். இதை நான் போனில் சொல்லவில்லை. "வகுக்கிற வரியை மட்டும் நல்லாப் பாரு" என்று சொல்லி வைத்து விட்டேன்.

இருபது நிமிடத்தில் மெசேஜ் வந்தது. "வந்துருச்சு அண்ணா!"